வன்தட்டும் ஏட்டுச் சுவடியும்

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது முதுமொழி. களனி கங்கைக் கரையில் வாழும் பேலியகொடை மக்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், வெள்ளம் ஆற்றில் மாத்திரம் வருவதன்று. மேசை மீதுள்ள பெட்டிக்குள்ளும் சில வேளை வந்துவிடுகிறது.

அண்மையில் பேலியகொடை மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "சேர், வீட்டுக் கம்பியூட்டர் வேலை தொடங்கவே பத்து நிமிடம் செல்கிறது. உள்ளே 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கிறது. கடையிலே புதிய ஹார்ட் டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றித் தருவார்களாம். கொடுக்கட்டுமா?" என்றான்.

"பழையதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அம்மப்பா பாடிய தேவாரங்கள் இருக்கின்றன, சேர். அவர் இப்போது இல்லை."

வேறு பிரதி உண்டோ என்றால், அதுவும் இல்லை. "அப்படியானால் முதலில் கணினியை அணைக்கச் சொல்" என்றேன்.

காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டினுள்ளே உலோகப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. வாசிக்கும் முனை அவற்றைத் தொடாமல், தலைமயிரினும் மிகக் குறுகிய இடைவெளியில் மிதக்கிறது. ஆண்டுகள் செல்ல இவ்வுறுப்புகள் தேய்கின்றன. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நாம் மறக்கவில்லை. எழுதும் வேளையில் மின்சாரம் திடீரென அற்றால் கோப்புகளும் சிதையும். தாமதமும் விசித்திர ஓசையும் வன்தட்டு விடுக்கும் எச்சரிக்கைகள். அவ்வேளையில் அதனை ஓட்ட ஓட்டச் சேதம் பெருகக்கூடும்.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அக்காலப் பதிப்பாசிரியர்களின் பெருங்கவலை யாது? செல்லரித்த ஏட்டை ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஓரம் ஒடியும் என்பதன்றோ! ஆகவே, புரட்டுவது குறைவாகவும், பெயர்த்தெழுதுவது முதலாகவும் இருத்தல் வேண்டும். பழைய வன்தட்டுக்கும் நெறி அதுவே. புதியதை வாங்குவது இரண்டாம் வேலை. பிரதி எடுப்பதே முதல் வேலை.

தட்டைக் கழற்றி மற்றொரு கணினியில் இணைத்தோம். பழுதுபார்க்கும் கட்டளை எதனையும் அதன்மீது ஏவவில்லை. நலமான பகுதிகளை முதலில் வாசித்து, கெட்ட இடங்களை இறுதிக்கு ஒதுக்கும் 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினோம். எதிலிருந்து எதற்கு என்பதை இருமுறை சரிபார்த்தோம். இடம் மாறினால் வெற்றுத் தட்டின் வெறுமையே பழையதன் மீது எழுதப்பட்டுவிடும். தட்டைக் கணினி அடையாளமே காணாவிடின், வீட்டில் முயலாது வல்லுநரிடம் கொடுப்பதே அறிவுடைமை.

இரவு முழுதும் வேலை நடந்தது. 18 பாடல்களில் 16 பிழையின்றி வந்தன. இரண்டு நடுவிலே அறுந்துபோயின. ஒரு மாதம் முந்தியிருந்தால் அவையும் கிடைத்திருக்கலாம்.

பின்னரே புதியது வாங்கினோம். வாங்குமுன் இணைப்பைப் பார்க்க வேண்டும். மிகப் பழைய கணினிகளில் அகன்ற பட்டி வடம் இருக்கும்; பிற்காலத்தவற்றில் 'சாட்டா' எனும் ஒடுங்கிய வடம். சாட்டா உள்ள கணினிக்குச் சுழலும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. பொருத்தினால் பழைய பெட்டியும் சுறுசுறுப்படையும். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிய பின்பே கை வைக்க வேண்டும். பொருத்தியதும், எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்பதைப் பயோஸில் மாற்ற வேண்டும்.

பழைய தட்டு நலமாயிருந்தால் அதனை அப்படியே பெயர்த்துப் புதியதில் இடலாம். பழுதுற்றிருப்பின் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுவதே நன்று. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. பதினொன்றை ஏற்க இயலாத பழைய கணினிகளுக்கு இலவசமான லினக்ஸ் உண்டு.

எஸ்.எஸ்.டி. சாகாவரம் பெற்றதன்று, ஓசையின்றியே ஒருநாள் ஓய்ந்துவிடக்கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சுநூல்கள் சிலவற்றை மீண்டும் தேடிப் பெற முடிந்தது. வேறு பிரதியற்ற சுவடிகளோ போனது போனதுதான். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது பாதுகாப்பாகாது என்ற பாடத்தை நம்மவர் பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறோம்.

கணினி மீண்டும் இயங்கிய அன்று, மாணவனின் தாயார் ஒரு பாடலைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "மாஸ்டர், இதை இன்னொன்றிலும் போட்டுத் தாருங்கோ. கொட்டாஞ்சேனையிலுள்ள அக்கா வீட்டிலும் வைக்க வேணும்" என்றார்.

நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார். வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் யாரோ ஒருவரின் குரல் இருக்கக்கூடும். இந்த ஞாயிறன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.