பையைப் பார்த்துக்கிறது யாரு?



முழுப் பரீட்சை நெருங்கினாலே எல்லார் வீட்டிலும் ஒரு பேச்சு ஆரம்பிக்கும். 'லீவுக்கு எங்கே கூட்டிக்கிட்டுப் போறீங்க?' எங்கள் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டது. ஏழாவது படிக்கும் மகளும், இரண்டாவது படிக்கும் மகனும் சொல்லிவைத்த மாதிரி கேட்டது, பெங்களூர் பக்கத்தில் பிடதியில் இருக்கிற வொண்டர்லாவை. மைசூர் ரோட்டில், பெங்களூரிலிருந்து சுமார் 28 கிலோமீட்டர். 2005-ல் திறந்த பூங்கா. 2012-ல் அதை ஒட்டியே தங்கும் ஓட்டலும் கட்டியிருக்கிறார்கள்.

"போகலாம். ஆனா ஒரு ராத்திரி அந்த ஓட்டல்லயே தங்கணும்" என்றேன். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தர்மபுரியிலிருந்து காலையில கிளம்பினா ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். தண்டமா எதுக்கு ரூம் வாடகை?" என்றார்.

தண்டமா இல்லையா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு தண்ணீர்ப் பூங்காவுக்கு ஒரே நாளில் போய் வந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறினேன். அங்கே போனால் வெளிச் சாப்பாடு கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். உள்ளே போனதும் எல்லாரும் தண்ணீரில் இறங்க, நான் பைகளோடு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். செல்போன்கள், மணிபர்ஸ், வீட்டுக்காரரின் கண்ணாடி, மாற்றுத் துணி, அத்தையின் மாத்திரை டப்பா, எல்லாம் என் மடியில். உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பெண்கள். ஒவ்வொருத்தர் மடியிலும் பை, தோளில் ஈரத் துண்டு. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "நீங்க இறங்கலையா?" என்று கேட்டேன். "இல்லக்கா, பை இருக்கே" என்றாள். அவளும் என்னைக் கேட்டாள். நானும் அதையேதான் சொன்னேன். நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போயிருந்தோம்.

வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. வழியில் டிரைவர் இரண்டு தடவை கண் அசந்தார். அத்தை பேச்சுக் கொடுத்தபடியே வந்ததால் பிழைத்தோம். மறுநாள் முழுக்க ஈரத்துணி துவைத்தேன்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் மகள் 'எங்கள் சுற்றுலா' என்று கட்டுரை எழுதினாள். அதில் ஒரு வரி: 'என் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். அதனால் அவர் விளையாடவில்லை.' அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் நோட்டை மூடவில்லை.

எனக்கா தண்ணீர் பயம்? எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவள் நான். அண்ணன்களுக்குச் சமமாகத் திட்டில் இருந்து குதிப்பேன். எட்டாவது படிக்கும்போது வயதுக்கு வந்தேன். "பொட்டப் புள்ளைக்கு இனிமே கிணத்துல என்ன வேலை?" என்றார் பாட்டி. அன்றோடு சரி. அதற்குப் பிறகு இடுப்பளவு தண்ணீரில்கூட நான் இறங்கியதில்லை.

என் மகளும் போன வருஷம் பெரியவளாகிவிட்டாள். இந்தத் தடவை பெஞ்சில் என் பக்கத்தில் அவளும் உட்காருவாளோ என்பதுதான் என் பயம்.

அதனால் இந்த முறை திட்டத்தை நானே போட்டேன். யாருக்காவது உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் தேதி. வீட்டுக்காரருக்கு எப்போது லீவு, பிள்ளைகளுக்கு எப்போது லீவு என்று பார்ப்போமே தவிர, நம்முடைய நாட்களை யாரும் பார்ப்பதில்லை. நாமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காலண்டரைப் பார்த்து எனக்கும் மகளுக்கும் ஒத்துவருகிற தேதியைக் குறித்தேன். சனி, ஞாயிறையும் தவிர்த்தேன். கூட்டம் குறைவாக இருந்தால் வரிசையில் நிற்பதும் குறையும்.

அடுத்து அறை. எந்த ஓட்டலாக இருந்தாலும் போனிலேயே கேட்டுவிடுங்கள். சொன்ன வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா? காலை டிபன் உண்டா? பிள்ளைகளுக்குக் கூடுதல் மெத்தைக்குத் தனிக் காசா? பூங்கா டிக்கெட் சேர்த்தா, தனியா? தேதியை மாற்றினால் பணம் திரும்புமா? நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகாத அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லைப் பார்த்து வாங்கவேண்டும்.

நேரத்தையும் கேட்கவேண்டும். பல ஓட்டல்களில் மதியத்துக்கு மேல்தான் அறை கொடுப்பார்கள், மறுநாள் முற்பகலில் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் நான் போட்ட கணக்கு இது. காலையில் நிதானமாகக் கிளம்புவது. ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்து நைஸ் ரோட்டைப் பிடித்தால் சுங்கம் கட்டவேண்டும், ஆனால் நகர நெரிசலில் மாட்டாமல் மைசூர் ரோட்டுக்குப் போய்விடலாம். பிடதியில் தட்டு இட்லி பேர்போனது. அதைச் சாப்பிட்டுவிட்டால் கட்டுச்சோறு வேலையே இல்லை. பெட்டிகளை ஓட்டல் வரவேற்பில் ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்குள் போவது. மதியம் அறை கிடைத்ததும் அத்தையும் சின்னவனும் கொஞ்சம் படுத்து எழலாம். இருட்டிய பிறகு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடி வரவேண்டாம். தூங்கி எழுந்து மறுநாள் பகலில் திரும்பலாம். வாடகைக் காரைக் காலி வைப்பதற்கும் டிரைவர் பேட்டாவுக்கும் கூடுதலாகத்தான் ஆகும். அதையும் சேர்த்தே கணக்குப் போட்டேன். மாசம் 2,000 வீதம் பத்து மாசம் கட்டிய சீட்டுப் பணம் 20,000 என் கையில் இருந்தது.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரில் பென்சிலால் குறித்து அளந்துவிடுங்கள். இந்த மாதிரிப் பூங்காக்களில் வயதைவிட உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். குழந்தை டிக்கெட்டா பெரியவர் டிக்கெட்டா என்பதும், எந்த ராட்டினத்தில் ஏறலாம் என்பதும் உயரத்தை வைத்துத்தான். அளந்து சொல்லிவிட்டால், வரிசையில் நின்று ஏமாந்து பிள்ளை அழவேண்டியதில்லை.

அப்புறம் துணி. சேலை, துப்பட்டாவோடு தண்ணீர்ச் சறுக்கில் விடமாட்டார்கள். முந்தானை சிக்கினால் ஆபத்து. பருத்தித் துணியும் பல இடங்களில் கூடாது. நனைந்தால் கனக்கும், உடம்போடு ஒட்டும். எனக்கும் மகளுக்கும் முழுக்கை வைத்த, தொளதொளப்பான நைலான் உடுப்பு வாங்கினேன். இங்கேதான் வீட்டில் சண்டை வந்தது.

"வயசுக்கு வந்த புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா? நீயும் அவளும் கரையில உக்காருங்க" என்றார் அத்தை. நான் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். அன்றைக்குப் பேசிவிட்டேன். "அத்தை, என்னைக் கிணத்துல இருந்து ஏறச் சொன்னப்போ எனக்கு வயசு பதிமூணு. இன்னும் ஏறினபடியே இருக்கேன். இவளையாவது விட்டுடுங்க" என்றேன். அத்தை பதில் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, "சரி, நீங்க போய் நனைங்க. பையை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் மடியில் இருந்த பையை அறுபது வயதுக்காரர் மடிக்கு மாற்றுவதா நியாயம்? பெட்டி அறையில் இருக்கட்டும். செல்போனும் பணமும் வாடகை லாக்கரில் இருக்கட்டும். மிச்சம் ஒரு சின்னப் பை. அதற்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் என் வீட்டுக்காரர். படித்துப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் முதல் டூட்டியா?" என்று சிரித்தார். காகிதத்தைக் கிழிக்கவில்லை!

'ஓட்டலில் தங்குவதெல்லாம் பணக்காரர் சமாச்சாரம்' என்று சில தோழிகள் நினைக்கலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், மறுக்கவில்லை. கடன் வாங்கிப் போகச் சொல்லவும் இல்லை. ஒரே நாளில் போய் வந்தாலும் லாக்கரும் முறை வைப்பதும் முடியும். ஆனால் குடும்பத்தோடு போகிற செலவில் அம்மாவின் சந்தோஷத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று முதலில் நாம் நம்பவேண்டும். நாமே நம்பாததை வீட்டில் வேறு யார் நம்புவார்கள்?

மே மாதம் முதல் வாரம் போகிறோம். திரும்பி வந்து மகள் இன்னொரு கட்டுரை எழுதுவாள். அதில் என்னைப் பற்றி என்ன எழுதுவாளோ தெரியாது. 'பயம்' என்று மட்டும் எழுதமாட்டாள்.

உங்கள் வீட்டில் பையைப் பார்த்துக்கிறது யாரு தோழிகளே?

- ஒரு இல்லத்தரசி, தர்மபுரி மாவட்டம்