வீட்டிலே ஒரு தொலைக்காட்சி நிலையம் அமைக்கலாமா?

ஐசலின் நகரிலும் அதன் சூழலிலும் வாழும் எம் இளைஞர் சிலரிடம் ஓர் ஆவல் உண்டு. நியூயோர்க் நிலையங்கள் அனுப்பும் நிகழ்ச்சிகளைச் சிறியதோர் அன்ரெனாவினால் இலவசமாகப் பெறுகின்றோம். அவ்வாறே கோயில் திருவிழாவையும் தமிழ்ப் பள்ளி விழாவையும் நாமே வானலையில் விட்டு, வெளியே செல்ல இயலாத முதியோருக்குக் காட்ட முடியாதா என்பதே அது. முடியுமா என்பது ஒரு வினா. செய்யலாமா என்பது வேறொரு வினா. இரண்டையும் தனித்தனியே நோக்குவோம்.

முடியும் என்பதே முதல் வினாவுக்கு விடை. கமராவின் படத்தைக் காணொளிப் பதிவுக் கருவி கணனிக்குள் கொண்டு சேர்க்கிறது. கணனி அதனைச் சுருக்கி இலக்கத் தொடராக்குகிறது. அமெரிக்க முறையில் ஓர் அலைவரிசையின் அகலம் 6 மெகாஹேர்ட்ஸ். அதனுள் வினாடிக்கு ஏறத்தாழ 19.4 மெகாபிற் அடங்கும். அத்தொடரை வானலையாக்கும் பகுதிக்கே முன்னர் பெரும் பணம் தேவைப்பட்டது.

இன்று அவ்விடத்தில் மலிவான கணனிப் பாகங்கள் அமர்ந்துள்ளன. கணனித் திரைக்குப் படம் அனுப்பும் சாதாரண அட்டையிலிருந்தே இலக்கத் தொலைக்காட்சி அலையை உண்டாக்கலாம் என்று 2005 இல் பிரான்சைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெலார் காட்டினார். திரையை யூஎஸ்பி வழியே இணைக்கும் சிறு கருவியையும் அவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை 2018 இல் ஸ்டீவ் மார்க்கிராப் வெளிப்படுத்தினார். இவர்கள் உண்டாக்கியவை ஐரோப்பிய முறை அலைகள்; அமெரிக்கப் பெட்டிகள் அவற்றைப் புரிந்துகொள்ளா. எனினும் அமெரிக்க முறைக்கான பகுதிகள் குனூ ரேடியோ என்னும் இலவச மென்பொருளில் உள்ளன. தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட சிறு யூஎஸ்பி கருவிகளோ, 2012 முதல் பல்வகை அலைகளையும் ஆராயும் வாங்கிகளாக மாறிவிட்டன.

1990 இன் பின் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு, ஒரு பொருளை அதன் பிறவிப் பயனுக்கு அப்பால் பயன்படுத்தும் கலை புதிதன்று. இலங்கையின் முதல் தொலைக்காட்சியே தனியார் சிலரின் முயற்சியால் 1979 ஏப்ரல் 13 அன்று பன்னிப்பிட்டியிலிருந்து தொடங்கிய சிறு நிலையந்தான். இரண்டு மாதங்களுக்குள் அரசு அதனைத் தன்வசப்படுத்தியது. வானலை எந்நாட்டிலும் ஆட்சியின் கண்ணுக்குத் தப்பாது.

இனி இரண்டாவது வினா. வானலையில் பொதுமக்களுக்கு ஒளிபரப்ப உரிமம் வேண்டும். 1934 ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தை மீறுவோருக்குத் தண்டப்பணம், கருவிகள் பறிமுதல், சிறை என எதுவும் நேரலாம். மேலும், மலிவான கருவிகள் வேண்டிய அலையுடன் வேண்டாத பல அலைகளையும் கக்குகின்றன. வடிகட்டி இன்றி அவற்றைப் பெருக்கி அன்ரெனாவில் இட்டால், விமானங்களும் மீட்புப் பணியினரும் பேசும் அலைகளில் அவை குறுக்கிடக்கூடும். நியூவார்க் விமான நிலையம் எமக்குத் தொலைவில் இல்லை. குடிவரவு விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. பிள்ளையின் விளையாட்டு ஆர்வத்தால் ஒரு குற்றப்பதிவு வீட்டினுள் நுழைய இடமளித்தல் அறிவுடைமை ஆகாது.

ஆயினும் ஆர்வத்தை அடக்கிவிட வேண்டியதில்லை. முதலில், அலையை வானில் விடாது, வலுக்குறைப்பான் பொருத்திய கம்பி வழியாக வீட்டுத் தொலைக்காட்சிக்கு மட்டும் செலுத்திப் பழகலாம். மாடிக்குடியிருப்பின் பொதுக் கேபிளிலோ அன்ரெனாவிலோ அதனை இணைத்தலாகாது.

அடுத்தது அமெச்சூர் வானொலி உரிமம். இதற்கு அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாதிருந்தால் போதும். வயதெல்லையும் இல்லை. தொடக்க நிலைத் தேர்வில் 35 வினாக்கள். 26 சரியானால் தேர்ச்சி. மோர்ஸ் குறியீடு கற்க வேண்டியதில்லை. 2022 முதல் அரசுக்குச் செலுத்தும் கட்டணம் 35 டொலர். உரிமம் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் பெற்றவர் 420 முதல் 450 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், விதிகளுக்கு அமைய, படமும் அனுப்பலாம். தமிழிலே உரையாடலாம், அழைப்புக் குறியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த உரிமமும் பொதுமக்களுக்கு ஒளிபரப்பவோ பாடல்களை அனுப்பவோ இடந்தராது. ஆகவே திருவிழாவை முதியோருக்குக் காட்ட இணையவழி நேரலையே தக்கது. அதனைத் தொலைக்காட்சித் திரையில் திறந்து கொடுக்க அயல்வீட்டுப் பிள்ளை ஒருவர் உதவினால் போதும்.

அலையின் நுட்பத்தைக் கற்க விரும்பும் பிள்ளைகளோ உரிமத் தேர்வுக்கு ஆயத்தமாகட்டும். பெற்றோரும் உடனிருந்து எழுதினால் இரட்டை நன்மை.