தோத்தாங்கோளி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

'பிரிட்டனின் மகா மட்டமான கால்பந்து அணிகள்' என்று யாராவது பட்டியல் போட ஆரம்பித்தால் போதும், எங்காவது ஓரிடத்தில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் வந்துவிடும். கூடவே இரண்டு துணுக்குகள் இலவச இணைப்பு. ஒன்று, வீரர்களுக்கு வாரச் சம்பளம் 10 பவுண்டு. இரண்டு, அலெக்ஸ் ஃபெர்குசன் மேனேஜராக முதன்முதலில் வேலை பார்த்த இடம் (1974-ல், சில மாதங்கள்). படிக்கிறவர் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு அடுத்த மேட்டருக்குப் போய்விடுவார். எனக்கோ இதைப் பார்த்தாலே பத்திக்கொண்டு வருகிறது.

எதிர்க்கட்சி வாதத்தை முதலில் நானே வைத்துவிடுகிறேன். அப்புறம் 'மறைச்சுட்டான்'னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. இது ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் நகரத்து அணி. 1880-ல் ஆரம்பித்தது. நூறு வருடத்துக்கும் மேலான சரித்திரத்தில் முதல் டிவிஷனில் ஆடியது இரண்டே இரண்டு சீசன், 1932-33, 1963-64. இரண்டு முறையும் அடுத்த வருடமே கீழே. 1994-ல் நான்காம் நிலையாக 'மூன்றாம் டிவிஷன்' உருவானது (ஆமாம், மேலே பிரீமியர் இருப்பதால் நான்காவதற்கு மூன்றாவது என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்). அதில் 2003-லிருந்து 2007 வரை தொடர்ந்து ஐந்து சீசன் கடைசி இடம். 2003-04 சீசன்தான் உச்சம்: 36 ஆட்டம், 2 வெற்றி, 2 டிரா, 32 தோல்வி. அடித்தது 30 கோல், வாங்கியது 118. மொத்தம் 8 பாயிண்ட். அதிலும் மூன்று பாயிண்ட் சீசனின் கடைசி ஆட்டத்தில் எல்ஜின் சிட்டியை ஜெயித்ததில் வந்தது. நம்ம ஊர்த் தேர்தல் பாஷையில் சொன்னால் டெபாசிட் காலி.

இதெல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. என் சண்டை எல்லாம் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களோடுதான்.

2004-05 சீசனின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அதே மூன்றாம் டிவிஷன். கடைசியில் நம்ம ஆட்கள். உச்சியில் கிரெட்னா, 36 ஆட்டத்தில் 98 பாயிண்ட், 130 கோல்! கிரெட்னா என்பது இங்கிலாந்து எல்லையை ஒட்டிய ஒரு குட்டி ஊர். ஊர் ஜனம் மொத்தமும் வந்தாலும் ஒரு சுமாரான மைதானத்தின் ஒரு பக்கம்கூட நிரம்பாது. பிறகு எப்படி 130 கோல்? புரூக்ஸ் மைல்சன் என்ற பணக்காரர் கைக்காசைக் கொட்டினார். 2005, 2006, 2007 என்று வரிசையாக மூன்று பிரமோஷன். 2006 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டத்தில் ஹார்ட்ஸிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள். பத்திரிகைகள் எல்லாம் தேவதைக் கதை என்று கொண்டாடின.

அப்புறம்? 2007-08-ல் பிரீமியர் லீகில் ஆட சொந்த மைதானம் தகுதியில்லை என்று மதர்வெல் மைதானத்தில் போய் ஆடினார்கள். ஒரு ஆட்டத்துக்கு வந்த மொத்தக் கூட்டம் 431 பேர். அந்த சீசனின் நடுவே மைல்சனுக்கு உடம்பு முடியாமல் போய் காசு நின்றது. 2008 மார்ச்சில் திவால் நிர்வாகம், அந்தக் கோடையிலேயே கிளப் காலி.

இப்போது சொல்லுங்கள், 2004-05 அட்டவணையில் எந்த அணி மட்டம்?

மென்பொருள் ஆசாமி என்பதால் எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. ஒரு சர்வர் என்ன வேகத்தில் பதில் சொல்கிறது என்று மட்டும் ரிப்போர்ட் எடுத்து, அது எத்தனை நாள் விழாமல் நிற்கிறது என்ற கணக்கை விட்டுவிட்டால் எங்கள் டீம் லீட் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கி மூஞ்சியில் அடிப்பார். கால்பந்து அட்டவணை நூறு வருடத்துக்கும் மேலாக அப்படிப்பட்ட ரிப்போர்ட்டாகத்தான் இருக்கிறது. வெற்றி, டிரா, தோல்வி, கோல், பாயிண்ட் எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு. கடனுக்குக் காலம் கிடையாது.

கிரெட்னா ஏதோ ஒரே ஒரு விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கிரெட்னாவுக்கு 2002-ல் லீகில் இடம் கிடைத்ததே ஏர்ட்ரியோனியன்ஸ் திவாலாகிக் கலைக்கப்பட்டதால்தான். அந்தக் காலி இடத்தில் வந்தவர்களும் 2008-ல் திவால். அந்த இடத்துக்கு அன்னன் அத்லெடிக் வந்தது. மியூசிக்கல் சேர் போல இருக்கிறது இல்லையா? இத்தனை கூத்தும் நடக்கும்போது கடைசி நாற்காலியில் ஒருத்தர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் நாம் கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் இன்னொன்று. 1964-ல் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயரை நடத்தியவர்கள் ஸ்டீட்மன் சகோதரர்கள். ஃபால்கிர்க்கில் கூட்டம் வரவில்லை, முன்னேற வழியில்லை என்று அணியை அப்படியே தூக்கிக்கொண்டு கிளாஸ்கோவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளைட்பேங்க் ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்த ஜூனியர் கிளப்போடு சேர்த்து, ஈ.எஸ். கிளைட்பேங்க் என்று பெயரும் மாற்றினார்கள். ஃபால்கிர்க் ஆதரவாளர்கள் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள், ஜெயித்தார்கள், 1965-ல் அணி ஊர் திரும்பியது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு அணிக்காக வழக்குப் போட்டு ஜெயித்த ஜனங்கள் ஐயா அவர்கள்!

ஸ்டீட்மன் சகோதரர்கள் அங்கேயே தங்கி கிளைட்பேங்க் என்று தனி அணி கட்டினார்கள். ஒத்துக்கொள்கிறேன், திறமைசாலிகள். 1966-ல் லீகுக்குள் வந்த அணி 1977-ல் பிரீமியர் டிவிஷனே ஏறிவிட்டது. ஆனால் 1996-ல் மைதானம் போயிற்று, 2002-ல் கிளப்பையே ஒருவர் வாங்கி ஏர்ட்ரிக்குத் தூக்கிப் போய் ஏர்ட்ரி யுனைடெட் என்று பெயர் மாற்றிவிட்டார். 1964-ல் ஃபால்கிர்க்குக்கு எதைச் செய்தார்களோ அதே வேலை, அச்சு அசலாக. கிளைட்பேங்க் பெயரில் புதிதாக ஓர் அணியை ரசிகர்கள் அடிமட்டத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"அப்போ தோக்கிறது பெருமையா?" என்று கேட்பீர்கள். இல்லை. வாரம் 10 பவுண்டு கொடுத்தது கஞ்சத்தனத்தின் எல்லை. பயணச் செலவுக்கே பத்தாத காசைக் கொடுத்துவிட்டு, டிக்கெட் வாங்கி வருகிறவனுக்கு 118 கோல் வாங்குவதைக் காட்டுவது அநியாயம்தான். கொஞ்சம் ஒழுங்காக நடத்தினால் இவர்களாலும் முடியும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2008-ல் ஜிம் மெக்கினாலி மேனேஜராக வந்தார். 2008-09, 2009-10 இரண்டு சீசனும் மூன்றாவது இடம்! பிரமோஷன் கிடைக்கவில்லை, ப்ளே-ஆஃபோடு சரி. இந்த இரண்டு வருடத்தைப் பற்றி எந்தப் பட்டியல்காரராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எழுத மாட்டார்கள். ஜோக் கெட்டுப்போய்விடுமே.

லீகின் மேலும் தப்பு இருக்கிறது. கடைசியில் வந்தால் வெளியே போக வேண்டும் என்ற விதியே 2014-15 வரை கிடையாது. கீழே போனால் நஷ்டமில்லை, மேலே போக ஏகப்பட்ட செலவு. இப்படி ஒரு விதியை எழுதிவிட்டு, அதற்கேற்ப நடந்துகொண்ட அணியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பது என்ன நியாயம்? கதவைத் திறந்தது சரியான முடிவு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. பத்து வருடம் முன்னாடியே திறந்திருக்க வேண்டும்.

2012 ஆகஸ்ட் 18-ஐயும் சொல்லாமல் விட முடியாது. கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் மைதானம், 49,118 பேர். நான்காம் நிலை லீக் ஆட்டத்துக்கு அதுவரை உலகத்தில் எங்கும் வராத கூட்டம். ரேஞ்சர்ஸ் 5, ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் 1. அந்த சீசன் முடிவில் ரேஞ்சர்ஸ் முதலிடம், இவர்கள் வழக்கம்போலக் கடைசி. ஐம்பதுக்கும் மேற்பட்ட லீக் பட்டம் வைத்திருக்கிற ரேஞ்சர்ஸ் நாலாம் நிலையில் என்ன செய்துகொண்டிருந்தது என்கிறீர்களா? வரிப் பாக்கி, கடன். பழைய கம்பெனியைக் கலைப்பது என்று அந்த ஜூனில்தான் முடிவாகியிருந்தது. அட்டவணையில் இருவருக்கும் நடுவில் 54 பாயிண்ட் வித்தியாசம் என்றுதான் இருக்கும்.

கடைசியில் 2016 மே மாதம் நம்ம ஆட்களும் விழுந்தார்கள். எடின்பரோ சிட்டியோடு ப்ளே-ஆஃப். முதல் ஆட்டம் 1-1. இரண்டாவதில் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு பெனால்டி, 0-1. அந்த விதிப்படி லீகிலிருந்து வெளியே போன முதல் அணி என்று ஒரு சாதனையும் இவர்கள் கணக்கில் சேர்ந்தது. களத்தில் தோற்று, விதிப்படி இறங்கினார்கள். யாருக்கும் பட்டை நாமம் போட்டுவிட்டுப் போகவில்லை.

இறங்கிய இடம் லோலேண்ட் லீக், ஐந்தாம் நிலை. 2016-17-ல் அங்கே போய் ஆடியபோது அதே லீகில் இன்னொரு அணி இருந்தது. பெயர் கிரெட்னா 2008. பழைய கிரெட்னா செத்தபின் ரசிகர்கள் உண்டாக்கியது.

அடுத்த முறை 'மட்டமான அணி' பட்டியல் போடுகிறவர்கள் தயவுசெய்து பழைய கிளைட்பேங்க், ஏர்ட்ரியோனியன்ஸ், பழைய கிரெட்னா மூன்றுக்கும் என்ன இடம் கொடுப்பீர்கள் என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். திட்ட நினைப்பவர்களுக்குப் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது :-)