துலக்குவது யாருக்காக?

பனிக்காலம் முடிந்து ஸ்னோமொபைலைக் கொட்டகைக்குள் நிறுத்தும் நாட்களில், கனடாவின் வாகனக் கூடங்களில் ஒரு காட்சியைக் காணலாம். வர்ணம் பூசப்படாத அலுமினியப் பகுதியை ஒருவர் மணிக்கணக்காகத் துலக்குகிறார். துணி கறுக்கிறது, உலோகம் வெளுக்கிறது, கடைசியில் அவருடைய முகமே அதில் தெரிகிறது. அவருடைய உழைப்பை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனாலும் இந்த வாரம் உங்களிடம் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். நாம் துலக்குவது வண்டிக்காகவா, பார்ப்பவர்களின் கண்களுக்காகவா?

இந்த வண்டி எதற்காக உண்டானது என்பதை முதலில் நினைவுகூருவோம். கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்னும் சிற்றூரில் 1907-இல் பிறந்தவர் யோசேப்-அர்மாண்ட் பொம்பார்டியே. 1934-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று அழற்சியால் துடித்தான். பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குப் போக வழியில்லை. தகப்பன் செய்துகொண்டிருந்த பனிவண்டி அப்போது ஓடும் நிலையில் இல்லை. பிள்ளை மரித்துப்போனான். அந்தத் தகப்பன் தன் வேலையைக் கைவிடவில்லை. 1937-இல் ஏழு பேர் அமரக்கூடிய பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1959-இல் ‘ஸ்கி-டூ’ என்னும் சிறிய வண்டி வெளிவந்தபோது, அதன் முதல் மாதிரிகளில் ஒன்று வட ஒன்டாரியோவில் ஓஜிப்வே மக்களிடையே ஊழியம் செய்த மோரீஸ் உயிமே என்னும் குருவானவரிடம் சென்றது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் ஊர் ஊராகப் போய்வந்த மிஷனரி அவர்.

ஆகவே, போக வழியில்லாத இடத்திற்கு ஒரு மனிதனைக் கொண்டுபோய், அவனைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே இந்த வண்டி பிறந்தது. அதைப் பராமரிக்கும் முறையையும் இந்த நோக்கமே தீர்மானிக்கவேண்டும்.

இன்றைய ஸ்னோமொபைல்களில் சுழலும் ரப்பர்ப் பட்டையின்மேல், கவிழ்த்து வைத்த தொட்டியைப் போல ஒரு நீண்ட தகட்டுக் கூடு இருக்கிறது. அதை ‘டனல்’ என்பார்கள். பெரும்பாலும் அது அலுமினியம். இருக்கையையும் எரிபொருள் தொட்டியையும் ஓட்டுபவரின் பாரத்தையும் தாங்குவது அதுவே. நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின் உள்ள வண்டிகளில், அதன் அடிப்புறத்தில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்ப் பகுதியும் பொருத்தப்பட்டிருக்கும். பட்டை வாரியிறைக்கும் பனியே அதைக் குளிரச் செய்கிறது.

அலுமினியத்திற்கு இயல்பாகவே ஒரு பாதுகாப்பு உண்டு. காற்று பட்டவுடன் அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள அந்தப் படலம், இரும்புத் துருவைப் போல உதிர்ந்துபோவதில்லை. உள்ளே இருக்கும் உலோகத்தை அது மூடிக் காக்கிறது. கீறினால் மறுபடியும் உண்டாகிறது. இதனால் சிலர், “மங்கலே அதற்குப் பாதுகாப்பு, துலக்கவே வேண்டாம்” என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. துலக்கினாலும் படலம் உடனே திரும்பி வருவதால், துலக்குவது பாவமல்ல. வழவழப்பான பரப்பில் அழுக்கு குறைவாகவே ஒட்டும் என்பதும் மெய்யே.

ஆனால் அந்தப் படலத்திற்கும் சத்துருக்கள் உண்டு. அவற்றில் முதலாவது உப்பு. பனிக்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பு, வண்டியை டிரெய்லரில் ஏற்றிச் செல்லும்போது அதன் அடிப்புறமெங்கும் தெறித்துப் படிகிறது. உப்பிலுள்ள குளோரைடு படலத்தை ஆங்காங்கே துளைத்து, வாய் சிறுத்து அடி ஆழ்ந்த குழிகளை உண்டாக்கும். எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் சேருமிடத்தில் உப்புநீர் தங்கினால், கரைந்துபோவது அலுமினியமே. இரண்டாவது சத்துரு, நாமே கொண்டுவரும் கடுமையான மருந்து. அடுப்புக் கரியை நீக்கும் சோடா கலந்த திரவங்கள் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். சக்கரங்களைத் துலக்க விற்கப்படும் கடும் அமிலங்களோ உலோகத்திற்கு மட்டுமல்ல, நம் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்தானவை.

இப்போது என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லுகிறேன். கழுவுதல் கடமை; துலக்குதல் விருப்பம். கடமையைச் செய்யாமல் விருப்பத்தை நிறைவேற்றுகிறவன் வண்டியைப் பராமரிக்கவில்லை, அதை அலங்கரிக்கிறான்.

கழுவும் முறை எளியது. உலோகம் குளிர்ந்திருக்கவேண்டும். பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பும், மெத்தென்ற தூரிகையும், தாராளமான தண்ணீரும் போதும். அதிக அழுத்தமுள்ள நீர்ப்பீச்சியை பேரிங்குகளுக்கும் மின் இணைப்புகளுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். மேற்புறத்தைக் கழுவிவிட்டு நின்றுவிடாமல், வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தி, டனலின் உட்புறத்தையும் மூலைகளையும் ஆணி வரிசைகளையும் கழுவுங்கள். பின்பு நன்றாக உலர விடுங்கள்.

துலக்க விரும்பினால், அந்தப் பகுதி உண்மையிலேயே பூச்சற்ற அலுமினியமா என்று முதலில் அறியுங்கள். மறைவான ஒரு மூலையில் சிறிது பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது பூச்சற்ற உலோகம். கறுக்காவிட்டால் மேலே தெளிந்த வார்னிஷோ, மின்முறையில் தடிமனாக்கப்பட்ட ஆக்சைடோ இருக்கக்கூடும். அதைத் தேய்த்து அழிப்பது வண்டிக்கிருக்கும் கவசத்தை நம் கையாலேயே கழற்றிப்போடுவதாகும்.

கறை கடினமாயிருந்தால் நைலான் நார் பட்டையை உபயோகியுங்கள். இரும்பு நார் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, சில நாட்களில் துருப்புள்ளிகளாக வெளிப்படும். கண்ணாடிப் பளபளப்பே வேண்டுமென்பவர்கள், தண்ணீரில் நனைத்த உப்புத்தாளை 400, 600, 800, 1000, 1500 என்று படிப்படியாக உபயோகிக்கிறார்கள். முந்தின தாளின் கீறல் முற்றிலும் மறைந்தபின்பே அடுத்ததற்குச் செல்லவேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால், கடைசியில் வரும் பளபளப்பு அந்தக் கீறலையே எல்லாருக்கும் காட்டிக்கொடுக்கும். தகடு மெல்லியது என்பதையும் மறக்கவேண்டாம்; ஆணிகளைச் சுற்றி அழுத்தித் தேய்க்காதீர்கள். பாலிஷைச் சிறு சிறு பகுதியாகப் போட்டு, சுத்தமான துணியால் துடைத்து, முடிவில் மெல்லிய மெழுகு பூசுங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் துலக்கவே வேண்டாம் என்று கண்டிப்பாய்ச் சொல்லுவேன். ஒன்று, கால் வைக்கும் பலகை. மெழுகு பூசிய பலகையில் பனி ஒட்டிய காலணி வழுக்கும். மற்றொன்று, பிரேக் தட்டும் அதன் சுற்றுப்புறமும். அங்கே ஒரு துளி பாலிஷ் பட்டாலும், நிற்கவேண்டிய நேரத்தில் வண்டி நிற்காமற்போகலாம். அழகுக்காகச் செய்தது ஆபத்தாய் முடியக்கூடாது.

பிரியமானவர்களே, துலக்குவதில் ஒரு மெய்யான பிரயோஜனமும் உண்டு. அது பளபளப்பு அல்ல. ஒரு தகட்டை அங்குலம் அங்குலமாய்த் துடைக்கிறவனுடைய கண், ஆணியருகே தொடங்கிய மயிரிழை போன்ற வெடிப்பைக் காண்கிறது. தளர்ந்த ஆணியை அவன் விரல் அறிகிறது. குளிரூட்டும் பகுதியில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதை அவன் கவனிக்கிறான். அழுக்கு அவை எல்லாவற்றையும் மூடி மறைத்திருந்தது. அந்த வெடிப்பும் அந்தக் குழியும் கவனிக்கப்படாமல் போனால், அவை தங்களை வெளிப்படுத்தும் இடம் உங்கள் வீட்டுக் கொட்டகை அல்ல. உறைந்த ஏரியின் நடுவில், பொழுது சாயும் வேளையில், குளிரூட்டும் திரவம் ஒழுகி எஞ்சின் கொதித்து நிற்கும்போது அவை வெளிப்படும். அன்றைக்கு மேற்புறத்தின் பளபளப்பு உங்களை வீட்டிற்குக் கொண்டுவராது.

கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் சுத்தமாக்குகிறவர்களை இயேசு கடிந்துகொண்டதை மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் பலமுறை வாசித்திருக்கிறீர்கள். வெளிப்புறம் அழுக்காயிருக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. எதை முதலில் செய்யவேண்டும் என்பதையே போதித்தார். ஒரு வண்டியைக் கழுவும்போதும் அந்த ஒழுங்கு பொருந்தும் என்றே எண்ணுகிறேன். யாரும் குனிந்து பார்க்காத அடிப்புறத்தில்தான் உப்பு தங்குகிறது.

ஆகையால் இந்த ஆண்டு வண்டியை நிறுத்திவைக்கும்முன், பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்பாக, ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு முழங்காற்படியிட்டு அடிப்புறத்தைப் பாருங்கள். அங்கே சுத்தமாயிருந்தால், மேலே எவ்வளவு வேண்டுமானாலும் மகிழ்ச்சியோடு துலக்குங்கள். அங்கே உப்பு இருந்தால், துணியை வைத்துவிட்டு வாளியை எடுங்கள். தன் பிள்ளையை இழந்த ஒரு தகப்பன் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அந்த வண்டி. அது யாரையோ ஒருநாள் பத்திரமாக வீடு சேர்க்கவேண்டியிருக்கிறது.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.