மாட்டுவண்டியில் ஏறிய செயற்கைக்கோள்

மாட்டுவண்டியின் மேல் ஒரு செயற்கைக்கோள் நிற்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1981 ஜூன் 19இல் ஏவப்பட்ட இந்தியாவின் ‘ஆப்பிள்’ அது. ஏவுவதற்கு முந்தைய சோதனையின்போது எடுத்த படம். லாரிக்கே வழியில்லாத நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று ஏளனம் செய்கிறவர்களும், இந்த ஏழ்மையிலும் எப்படிச் சாதித்தார்கள் பாருங்கள் என்று நெகிழ்கிறவர்களும் இதே படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இரு தரப்பும் அதில் பழமையும் புதுமையும் மோதுவதாகவே எண்ணுகின்றன. நடந்தது வேறு. செயற்கைக்கோளின் ஆன்டெனாவைத் திறந்தவெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. அடியில் உலோக வண்டி இருந்தால் சமிக்ஞை குழம்பும். மரத்தாலான ஒரு மேடை வேண்டும், அது நகரவும் வேண்டும். திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகத்தின் குழுவுக்கு அதனால்தான் மாட்டுவண்டி தேவைப்பட்டது. இதன் பக்கத்தில், 1966இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் கேரளத்தின் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் எடுத்த படத்தை வைத்துப் பாருங்கள். ராக்கெட்டின் முனைக்கூம்பு சைக்கிள் கேரியரில் போகிறது. அங்கே காரணம் உண்மையிலேயே வசதிக் குறைவுதான். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிப் படங்கள். ஒன்றில் பழைய பொருள் வேலைக்கு ஏற்றதாக இருந்தது, மற்றதில் வேறு வழியில்லை. இந்த வேறுபாட்டைக் கேமரா சொல்லாது. படத்தின் கீழே எழுதும் வரிகள்தான் சொல்லும்.

‘பழமையும் புதுமையும்’ என்ற தலைப்பில் இன்று குவியும் அன்றாட வாழ்க்கைப் படங்களில் இந்த வரிகள்தான் இல்லை. பூக்காரம்மா கூடையில் சாய்த்து வைத்திருக்கும் கியூஆர் அட்டையை எடுத்துக்கொள்வோம். முழங்கை முதல் விரல் நுனி வரை பூவை அளக்கும் கையும் அந்த அட்டையும் ஒரே சட்டகத்தில் அடங்கிவிட்டால் படம் முடிந்தது என்று நினைக்கிறோம். பணம் வந்ததைப் பக்கத்திலிருக்கும் சிறு பெட்டி உரக்கச் சொல்வதால், நாரையும் பூவையும் கீழே வைக்காமல் அவரால் கட்டிக்கொண்டே இருக்க முடிகிறது. சில்லறைத் தகராறும் இல்லை. முழக்கணக்கு அவருக்கும் வாங்குகிறவருக்கும் பழகிய கணக்கு என்பதால் நீடிக்கிறது. இரண்டுமே இன்றைய வியாபாரத்தின் கருவிகள். அவருடைய கையைப் பழங்காலத்துக்குத் தள்ளிவிட்டு நாம் மட்டும் இந்தக் காலத்தில் நின்று வியப்பது, அவருடைய புத்திசாலித்தனத்துக்குச் செய்யும் அவமரியாதை.

ஏற்றத்தாழ்வைக் காட்டும் படங்களையும் இப்படி மறுத்துவிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெட்ரோ தூணுக்கு அடியில் ஒருவர் சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறார் என்றால், அந்தப் படம் கட்டாயம் எடுக்கப்பட வேண்டும். ஆனால் அதைப் ‘பழமையின் எச்சம்’ என்று வகைப்படுத்துவதுதான் பெரிய தவறு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அதையும் மீறி ஒருவர் இறங்குகிறார் என்றால், மேலே ரயில் விட்டதைப் போலவே இதுவும் இந்தக் காலத்து மனிதர்கள் எடுத்த முடிவு. சாதி அவரை இறக்குகிறது, ஒப்பந்தக்காரர் இறக்குகிறார், கண்டுகொள்ளாத நிர்வாகம் இறக்குகிறது. பழமை என்று பெயரிட்டால் இவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். காலம் போனால் தானாகச் சரியாகிவிடும் என்ற பொய்யும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

நல்ல படம் தானே பேசும், விளக்கம் எதற்கு என்பார்கள் புகைப்படக் கலைஞர்கள். ஒளியையும் வடிவத்தையும் பற்றி என்றால் சரி. காரணத்தைப் பற்றிப் படம் பேசுவதில்லை. விளக்கம் இல்லாத இடத்தைப் பார்ப்பவரின் முன்முடிவு நிரப்பிக்கொள்கிறது. மாட்டுவண்டிப் படத்துக்கு இத்தனை ஆண்டுகளாக நேர்ந்தது அதுதான்.

இந்த இதழுக்குப் படம் அனுப்பும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கே, எப்போது எடுத்தது, படத்தில் இருப்பவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், அந்தப் பொருளை ஏன் வைத்திருக்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள். படத்தோடு அதையும் சேர்த்தே அச்சிடுவோம்.