தினம் ஒரு தசையா, முழு உடம்புக்குமா? காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கு ஏற்ற பயிற்சி எது?

திருமங்கலம் – ராஜபாளையம் சாலையில் இருக்கும் டி. கல்லுப்பட்டி போன்ற பேரூராட்சிகளுக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து பஸ் பிடித்து வந்து ஜிம்மில் சேரும் இளைஞர்கள் பலருக்கும் காவலர் தேர்வுதான் இலக்கு. சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர்களுக்கு வரும் குழப்பம் இது: ‘இன்னைக்கு செஸ்ட், நாளைக்கு பேக்’ என்று தசைகளைப் பிரித்துச் செய்வதா, ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும் செய்வதா?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தசைகளை நாள் கணக்கில் பிரித்துக்கொள்வது ‘ஸ்பிளிட்’ முறை. திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று போகும். ஒரு தசைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முறை வரும். அன்று அதை முழுதாகக் களைக்க வைப்பார்கள். ‘ஃபுல் பாடி’ முறையில் வாரம் இரண்டு அல்லது மூன்று நாள்தான் பயிற்சி. ஆனால், ஒவ்வொரு நாளும் கால், முதுகு, நெஞ்சு, தோள் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேலை இருக்கும்.

ஸ்பிளிட் முறை பரவலாகக் காரணம், பாடி பில்டிங் போட்டிக்குத் தயாராவோர் அதைப் பின்பற்றுவதுதான். அவர்களைப் பார்த்து புதிதாகச் சேர்பவரும் அதையே தொடங்கிவிடுகிறார்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட 14 ஆய்வுகளை, மொத்தம் 392 பேரின் முடிவுகளோடு சேர்த்து அலசிய ஆய்வறிக்கை 2024-ல் வெளியானது. வாரத்துக்குச் செய்யும் மொத்த வேலை சமமாக இருந்தால், வலு கூடுவதிலும் தசை வளர்வதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும், முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வாரம் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி தேவை என்றுதான் சொல்கிறது; எப்படிப் பிரிப்பது என்று வலியுறுத்தவில்லை.

அப்ப எதைச் செஞ்சாலும் ஒண்ணுதானா?

தாளில் ஒன்றுதான்; நடைமுறையில் இல்லை. ‘மொத்த வேலை சமமாக இருந்தால்’ என்ற நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பயிற்சியை நிறுத்தாமல் 8 முதல் 12 முறை செய்வது ஒரு ‘செட்’. நெஞ்சுக்கு வாரம் 12 செட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிளிட் முறையில் 12 செட்டும் திங்கள்கிழமையே முடிந்துவிடும். அந்தத் திங்கள் உறவினர் வீட்டு விசேஷம், காட்டு வேலை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டது என ஏதாவது ஒன்று வந்தால் அந்த வாரம் நெஞ்சுக்குப் பயிற்சியே கிடையாது. முந்தைய திங்களுக்கும் அடுத்த திங்களுக்கும் நடுவே 14 நாள் இடைவெளி விழுந்துவிடும். ஃபுல் பாடி முறையில் நாளுக்கு 4 செட் வீதம் மூன்று நாள். ஒரு நாள் விட்டாலும் 8 செட் மிஞ்சும்.

வாரம் ஐந்தாறு நாள் தவறாமல் வர முடிந்தவருக்கு ஸ்பிளிட் பொருந்தும். வேலை, படிப்பு, பஸ் நேரம் பார்த்து வாரம் மூன்று நாள் வருபவருக்கு அது நட்டக் கணக்கு.

காவலர் தேர்வுக்கு எது உதவும்?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அடுத்து கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். நெஞ்சளவு 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். இந்த ஒரு அளவைப் பார்த்தே பலரும் ‘செஸ்ட் டே’யைப் பிடித்துக்கொள்கிறார்கள், ‘லெக் டே’யைக் கைவிடுகிறார்கள்.

ஆனால், ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் கால்தான் மூலதனம். கயிறு ஏற முதுகும் முன்கையும் பிடிமானமும் வேண்டும். ஒரே நாளில் காலை முழுதாகக் களைக்க வைத்தால் அடுத்த இரண்டு நாள் ஓட்டப் பயிற்சி கெடும். திங்கள், புதன், வெள்ளியில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், புல்–அப், ஷோல்டர் பிரஸ் என ஐந்து பயிற்சிகள்; செவ்வாய், வியாழன், சனியில் ஓட்டம்; ஞாயிறு ஓய்வு என்று அமைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

தென்மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களுக்கு இது புதிதல்ல. தரையில் கிடக்கும் கல்லை முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் ஏற்றித் தோளுக்குப் பின்னால் போட, கால் முதல் தோள் வரை எல்லாம் ஒன்றாக உழைக்க வேண்டும்.

எப்போது மாறலாம்?

முதல் ஆறு மாதம், ஒரு வருடம் வரை ஃபுல் பாடி போதும். அதன்பின் செட்டுகள் கூடி, ஒரு நாள் பயிற்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், மேல் உடம்பு இரண்டு நாள், கீழ் உடம்பு இரண்டு நாள் எனப் பிரிக்கலாம். அப்போதும் ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை வேலை கிடைக்கும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘வாரத்துல எத்தனை நாள் நிச்சயமா வர முடியும்?’ நான்குக்குக் குறைவு என்றால் விடை ஃபுல் பாடி.