டக்டுக்குள் துடைப்பம்

எங்கள் அடுக்ககத்தில் பத்து மாடி. மாடிக்கு ஒரு சிவப்புப் பெட்டி, உள்ளே சுருட்டிவைத்த ஹோஸ். அதன் நுனியில் இருந்த பித்தளை நாசில் எப்போது போனதென்று யாருக்கும் தெரியாது. பெட்டிக்குள் வைத்திருந்த கோலமாவு டப்பாவை எடுக்கப்போனபோதுதான் அது இல்லாததையே பார்த்தோம். பார்த்துவிட்டு டப்பாவைத் திரும்பவும் உள்ளேயே வைத்தோம்.

மின்கம்பிகள் ஏறும் டக்டுக்குள் துடைப்பமும் பழைய பேப்பரும் கிடக்கின்றன. தீ அலாரம் ஒரு நள்ளிரவில் சும்மா அலறியது. ஏன் என்று தேடாமல் ஒலியை மட்டும் அணைத்தோம்; இன்றுவரை அப்படியேதான். படிக்கட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. காற்றில் படார் படாரென்று அடிக்கிறது என்று செங்கல்லை அண்டக்கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறோம். அந்தக் கதவு முக்கியமாகப் புகையைத் தடுக்கத்தான். மூடியிருந்தால் படிக்கட்டுக்குள் புகை எளிதில் நுழையாது. திறந்திருந்தால் படிக்கட்டே புகைபோக்கி. 2011 டிசம்பரில் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் தீப்பிடித்தது அடித்தளத்தில். மாண்டவர்களில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் மூச்சுத்திணறிய நோயாளிகள். அந்தச் செய்தியை நாங்களும் படித்து, உச்சுக்கொட்டினோம்.

தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம்; எங்கள் பத்து மாடியும் அப்படித்தான். தீயணைப்பு வண்டி சுற்றிவரத்தான் கட்டடத்தைச் சுற்றிக் காலியிடம். அங்கே கோடு போட்டு, நம்பர் எழுதி, விருந்தாளிகளின் காருக்கு ஒதுக்கியது நாங்கள்தான். உயர ஏணி நீட்டும் ஸ்கைலிஃப்ட் வண்டி வந்தாலும் கால் ஊன்ற இடம் வேண்டாமா?

ஹோஸுக்குத் தண்ணீர் ஏற்றும் டீசல் பம்பு பழுது. குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவில் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு முகப்புக்கு கிரானைட் போட்டோம். ஒருவர்கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை. ஆகவே இந்தக் கதையில் நல்லவர் யாரும் இல்லை. பில்டரையும் அதிகாரியையும் திட்ட எங்களுக்கு நன்றாக வரும். ஆனால் அந்தச் செங்கல்லை அவர்கள் கொண்டுவந்து வைக்கவில்லை.

2017 மே 31 அன்று தி.நகரில் சென்னை சில்க்ஸ் துணிக்கடை எரிந்தபோது எங்களில் பாதிப்பேர் டிவியை விட்டு நகரவில்லை. தீ ஒருநாளைக்கு மேலாகியும் அடங்கவில்லை. ஏழு மாடிக் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தை இடித்துத் தள்ளினார்கள். அந்தக் கடை இருந்த உஸ்மான் ரோட்டுக்கு மறுபடி துணியெடுக்கப் போனவர்கள் நாங்கள். எந்தக் கடையிலும் வெளியேறும் வழி எங்கே என்று கேட்டதில்லை; ட்ரையல் ரூம் எங்கே என்று கேட்டிருக்கிறோம்.

விதியை மீறிக் கட்டியதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரைமுறைப்படுத்தும், நகரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1998-இல் வந்தபோது, பழைய வீட்டுக்கு நாங்களும் விண்ணப்பித்தோம். ரசீது கிடைத்தது. படிக்கட்டு ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை.

போன மாதம் சங்கத்தில் ஒரு சுற்றறிக்கை: படிக்கட்டில் யாரும் பொருள் வைக்கக்கூடாது. எழுதியது நான். லிஃப்டில் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் என் பையனின் சைக்கிள், காற்று இறங்கிய சக்கரத்தோடு, அங்கேயேதான் நின்றது. சைக்கிளைக் கொஞ்சம் சுவரோரமாக ஒதுக்கினேன்.